கப்பல் நாள் ஆட்டம்

கப்பல் வருகிற நாளில் போர்ட் பிளேரில் ஒருத்தனும் வீட்டில் இருக்கமாட்டான். ஊதல் கேட்டதுதான் தாமதம், "ஜஹாஜ் ஆ கயா!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் தெருவில் இறங்கிவிடும். கடைக்காரன் பலகையைச் சாத்துவான், ஆபீஸ்காரன் பேனாவை மூடுவான். யாருக்கும் யாரும் வந்தாக வேண்டும் என்றில்லை. மெட்ராஸ் முகங்களைப் பார்க்கலாம், வெங்காய மூட்டை இறங்குவதைப் பார்க்கலாம், அதுவே போதும். கராச்சர்மாவிலிருந்துகூட பஸ் பிடித்து சாத்தம் ஜெட்டிக்கு வந்து நிற்பார்கள். கப்பல் திரும்பிப் போகிற நாளிலும் அதே கூட்டம்தான்.

நான் போகமாட்டேன். அறுபத்தாறாம் வருஷம் என் வீட்டுக்காரர் அல்போன்ஸ் வயிற்றுக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க மெட்ராஸ் போனார். "அடுத்த கப்பல்ல வந்துருவேன் அமுதம், மீன்கொழம்பு வச்சி வை" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். நானும் குழம்பை வைத்து இறக்கிவிட்டு, பூப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, பிலோமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெட்டியில் போய் நின்றேன். கூடப் போயிருந்த ஆள் இறங்கினான். அவருடைய தகரப் பெட்டி இறங்கியது. அவர் இறங்கவில்லை. அங்கேயே ஒப்பாரி வைத்து அழுதேன், ஊரே வேடிக்கை பார்த்தது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஜெட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்தத் தீவில் எனக்கென்று மிஞ்சியது இரண்டே உயிர்தான். ஒன்று பிலோமினா, என் மகள். இன்னொன்று ஜெபராஜ், என் தம்பி. மணப்பாட்டிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தவன், படகுப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை. அல்போன்ஸ் போன பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கூவி விற்பேன். என் குரல் மேட்டில் கிளம்பினால் பள்ளத்தில் இருக்கிறவள் சட்டியோடு வெளியே வருவாள், அப்படி ஒரு தொண்டை. நான் வருகிறவரை பிலோமிக்குச் சோறூட்டுவது, தலை சீவிவிடுவது எல்லாம் அவன்தான். அப்பன் முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு எல்லாம் மாமாதான்.

அந்த மாமாதான் தட்டு ஆட்டத்தைக் கண்டுபிடித்தான். பட்டறையில் தூக்கிப்போட்ட பெயிண்ட் டப்பா மூடியை எடுத்து, விளிம்பை மடக்கிச் சுத்தியலால் தட்டி வைத்துக்கொள்வான். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி எறிந்தால், அது காற்றில் படுத்துக்கொண்டு போகும். குவார்ட்டர்ஸுக்குக் கீழே சரிவில் ஒரு பூங்கா. அதில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்தைக் குறிபார்த்து எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து எடுத்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறியில் எல்லா மரத்தையும் தொட்டவன் ஜெயித்தவன், தோற்றவன் சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும். பெங்காலி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன் என்று ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. தன் மூடியில் ஜெபராஜ் சிவப்புப் பெயிண்டில் ஒரு மீன் வரைந்திருந்தான். பிலோமி கேட்டாள் என்று வரைந்தது. வீட்டு வாசலில் அதை மெல்லத் தூக்கிப் போடுவான், அவள் இரண்டு கையாலும் பிடிப்பாள். பிடித்துவிட்டால் தலைகால் புரியாது அவளுக்கு.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஏலே ஜெபா, வெக்கமா இல்லியால? கல்யாண வயசுல டப்பா மூடியத் தூக்கிக்கிட்டு அலையுத."

"ஒரு தடவ வந்து பாருக்கா. அது காத்துல மெதக்கும்போது எப்பிடி இருக்கும் தெரியுமா?"

"சோத்துக்கு மெதக்குமால அது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. மூடியையும் பட்டறையில் போட்டுவிட்டு வந்துவிட்டான். விட்டுத் தொலைத்தான் என்று நினைத்தேன்.

பூங்கா என்றால் எல்லோருக்கும் பூங்காதானே. சாயங்காலம் ஆனால் குவார்ட்டர்ஸ் பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்காருவார்கள். ஆட்டக்காரர்களும் கண்மூடித்தனமாக எறிகிறவர்கள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் நடந்து போனால் நின்று வழிவிடுவார்கள். ஏழாவது மரம் ஒன்று இருந்தது, பெரிய பாதாக் மரம். அதற்கு முன்னால் ஒரு மண்மேடு. எறிகிறவனுக்கு மரத்தின் தலைதான் தெரியும், அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் பிஸ்வாஸ் என்கிற பெங்காலிப் பையன் சிவப்புத் துண்டோடு மேட்டின்மேல் ஏறி நிற்பான். அந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால் துண்டை ஆட்டுவான். துண்டு ஆடாமல் யாரும் எறியமாட்டார்கள்.

அப்படியும் ஒரு நாள் காற்று இழுத்துக்கொண்டு போய், மங்கையர்க்கரசி விரித்திருந்த ஜமுக்காளத்தில் ஒரு மூடி வந்து விழுந்தது. பிள்ளைகள் யார்மேலும் படவில்லை. ஆனால் மங்கையர்க்கரசி ஓவர்சியர் ஜம்புலிங்கத்தின் சம்சாரம், சும்மா விடுவாளா? வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். அவர் ஆட்டக்காரர்களையும் குவார்ட்டர்ஸ்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இரண்டு பக்கமும் மனசு கோணாமல் ஒரு முடிவும் சொன்னார். மற்ற நாளெல்லாம் பூங்கா குடும்பங்களுக்கு. கப்பல் நாளில் ஊரே ஜெட்டியில் இருக்கும், பூங்காவில் ஈ காக்கை இருக்காது, அன்றைக்கு ஆட்டக்காரர்கள் வேண்டியமட்டும் ஆடிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் சந்தோஷம். கைதட்டியே கலைந்தார்களாம்.

அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் குவார்ட்டர்ஸ்காரி இல்லையே, கீழே லைன் வீட்டில் இருக்கிற மீன்காரி. மறுநாள் சூரை மீனை நிறுத்துக்கொண்டிருந்தபோது மங்கையர்க்கரசி சொன்னாள்.

"அமுதம், சாயங்கால ஆட்டம் பந்த்! இனிமே பிள்ளைங்கள பயமில்லாம விடலாம்."

"நல்லதாப் போச்சு அக்கா" என்றேன். கப்பல் நாளைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவள்மேல் என்ன குற்றம்? கப்பல் நாளில் ஜெட்டிக்குப் போகாத ஒரு மனுஷி இந்த ஊரில் இருப்பாள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

தம்பிக்கு மட்டும் தெரியும், நான் ஜெட்டிக்குப் போகமாட்டேன் என்று. ஆனால் கப்பல் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடப்பேன் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். முதலில் அப்படித்தான் கிடந்தேன். பிறகு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. மீன் வாங்க ஆள் இல்லாத நாள், கூடைக்கும் வேலை இல்லை. ஊர் காலியானதும் பிலோமியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவேன். பாதாக் மரத்தின் வேர் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்தால் துறைமுகம் கண்ணில் படாது. அங்கே உட்கார்ந்து கொஞ்சம் அழுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அழப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டா போவார்கள்?

அன்றைக்கும் காலையில் ஜெபராஜ், "ஜெட்டிக்குப் போயி வெங்காயம் வாங்கிட்டு வாரேன்க்கா" என்று கிளம்பினான். பொய் இல்லை, வெங்காயமும் வாங்கத்தான் இருந்தான். ஆட்டத்தை முடித்துவிட்டு. "நான் படுத்துக் கெடக்கேன்" என்று நானும் சொன்னேன்.

காற்று எங்கள் பக்கமிருந்து மேட்டின் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, ஆட்டச் சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. பிலோமி வேரின்மேல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று "அம்மா! மாமா தட்டு!" என்றாள். அவ்வளவு சந்தோஷமான குரல். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டுக்கு மேலே சிவப்பு மீன் பளபளவென்று சுற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை இரண்டு கையையும் தூக்கி, முகத்தையும் தூக்கி, பிடிப்பதற்கு ஓடினாள்.

மேட்டின்மேல் சிரித்துக்கொண்டே ஓடிவந்து நின்றான் ஜெபராஜ், தட்டு மரத்தில் பட்டதா என்று பார்க்க. அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கீழே என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். ஐயோ, சேசுவே! என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டில் ஏன் துண்டு இல்லை என்று கேட்பீர்கள். பிஸ்வாஸும் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தான். கப்பல் நாளில் துண்டு எதற்கு, ஆளே கிடையாதே! எல்லோரும் வந்து போகிற இடமாக இருந்தவரை பார்த்துப் பார்த்து எறிந்தார்கள். இது உங்களுக்கு மட்டும் என்று கொடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குப் பார்ப்பதை விட்டார்கள்.

ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அத்தனை வண்டியும் ஜெட்டியில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினான் அவன். நான் பின்னால் ஓடிக்கொண்டே அவன் முதுகில் அடித்தேன். "பாவி, பாவி" என்று அடித்தேன். அவன் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

இடது கண் போய்விட்டது. மெட்ராஸுக்கே கொண்டுபோனாலும் பார்வை வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டோடு படுத்திருந்த பிலோமி அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, நான் புடிச்சிருப்பேன். கொஞ்சம் பிந்திட்டேன்."

அவன் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அப்போதே என் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. எனக்குப் பயம்தான் வந்தது. இவன் தாங்கமாட்டான், எங்கேயாவது போய்த் தொலைவான் என்ற பயம்.

ஜம்புலிங்கம் மறுபடி கூட்டம் போட்டார். இந்தத் தடவை ஆள் அனுப்பி என்னையும் கூப்பிட்டார். ஆட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லி நான் வரல. பூங்காவுல யாரும் இருக்கமாட்டாங்கன்னு சொன்னீயளே, யாரக் கேட்டுச் சொன்னிய? அத மட்டும் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மங்கையர்க்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிஸ்வாஸ் வந்து என் காலில் விழுந்தான். "தீதி, மாஃப் கரோ" என்றான், மன்னித்துவிடு அக்கா என்று. சின்னப் பையன். எழுந்திரு என்று தூக்கிவிட்டேன்.

எனக்கு என் தம்பி வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிலோமி ஒற்றைக் கண்ணோடு பழகிக்கொண்டாள், பிள்ளைகள் எதற்கும் பழகிவிடும். அவனால்தான் முடியவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தால் அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்காருவான். நடந்தால் இடது பக்கமாக நடப்பான். அவள் கண்ணில் படக்கூடாதாம். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி, "மாமா எங்க? மாமா எங்க?" என்று தேடுவாள். "இங்கதான் இருக்கேன் தாயி" என்பான். வலது பக்கம் மட்டும் வரமாட்டான்.

ஒரு நாள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏலே, நடந்தது நடந்துபோச்சு. வேணும்னா எறிஞ்ச? இந்தப் பிள்ளைக்கு அப்பனும் இல்ல. மாமனும் இல்லாமப் பண்ணிராதல. நீ எங்கயும் போவமாட்டேன்னு சொல்லு."

"எங்கக்கா போவப் போறேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"மாதா மேல ஆணையாச் சொல்லு."

"அடுப்புல சோறு பொங்குதுக்கா, போய்ப் பாரு" என்றான். நான் போய்ப் பார்த்தேன்.

அதற்கடுத்த கப்பல் வந்தது. மூன்றாம் நாள் திரும்புகிற கப்பல். அது திரும்புகிற அன்றைக்குக் காலையில் அவன் பிலோமிக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டிவிட்டான். நான் தைத்துக் கொடுத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். "பட்டறையில கூடுதல் வேல இருக்குக்கா" என்றான். கப்பல் போகிற நாளும் எனக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும், வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொள்ளப் போனேன். பூங்காவுக்குப் போவதைத்தான் விட்டுவிட்டேனே. கீழே விரிக்கப் பாயை எடுத்தபோது கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தகரப் பெட்டியைக் காணோம். அல்போன்ஸின் பெட்டி. அவர் இல்லாமல் இறங்கி வந்த அதே பெட்டி.

முதல் ஊதல் கேட்டது. பிலோமியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். செருப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா, தெரியாது. வழியில் காட்டிலாகா லாரி ஒன்று வந்தது. நடுரோட்டில் நின்று கையை விரித்தேன். டிரைவர் தலையை நீட்டி, "மர்னா ஹை க்யா?" என்று கத்தினான். சாக ஆசையா என்றால், நான் என்ன சொல்ல? "பாயி, ஜெட்டி! ஜெட்டி சலோ!" என்று அழுதேன். ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான், மகராசன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த ஜெட்டியில் கால் வைத்தேன். அதே கூட்டம், அதே டீசல் நாற்றம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது. முதலில் ஒரு கை அகலம், அப்புறம் ஒரு படகு அகலம்.

கப்பலில் இருந்த அத்தனை ஜனமும் கரைப் பக்கக் கம்பியில் வந்து நெருக்கிக்கொண்டு கையை ஆட்டினார்கள். கரையிலிருந்து இவர்களும் ஆட்டினார்கள். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இல்லை. ஒருவேளை ஏறவில்லையோ, மனசு மாறிவிட்டானோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அப்போது அந்தக் கூட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக் கம்பியில், கடலைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாக நீலச் சட்டை நின்றது. காலடியில் தகரப் பெட்டி.

"ஏலே ஜெபா!" என்று கூவினேன். டெய்ரி ஃபார்ம் மேட்டில் கூவினால் பள்ளத்தில் கேட்கிற குரல் அது. "ஏலே, திரும்பிப் பாருல! அக்கா வந்திருக்கேன்ல!"

கப்பல் ஊதியது. அவன் திரும்பவில்லை. அவன் எதற்குத் திரும்ப வேண்டும்? அக்காதான் ஜெட்டிக்கு வரமாட்டாளே. கரையில் அவனுக்கென்று யார் இருக்கப்போகிறார்கள் என்று அவன் அன்றைக்கும் பார்க்கவில்லை.

தொண்டை கிழிகிறவரை கூவினேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு தெலுங்கு அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் ராஸ் தீவைத் தாண்டித் திரும்புகிறவரை அந்த நீலம் தெரிந்துகொண்டே இருந்தது.

பிலோமி என் இடுப்பில் இருந்தாள். அவளுடைய இடது பக்கம் கடலைப் பார்த்து இருந்தது. தலையைச் சுற்றித் திருப்பி, இருக்கிற கண்ணால் அவ்வளவு கடலையும் தேடினாள். கை மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா, மாமா எங்க நிக்காங்க?"

"அந்தா நிக்கானே, நீலச் சட்ட."

"நம்மளப் பாத்தாங்களா?"

"பாத்தாம்டி" என்றேன். "கையக்கூட ஆட்டினான்."

"நான்தான் பாக்கலியா?" என்று கேட்டாள் என் பிள்ளை.